ஆன் ஆர்பர்ல காலேஜ் ஃபுட்பால் பார்க்கணும்: கோபியிலிருந்து எப்படித் திட்டம் போடறது?

கோபி பி.டி. வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல அரசுப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். கபடிக்கும் வாலிபாலுக்கும் பசங்களைத் தயார் பண்ணியே காலம் போச்சு. என்ற பொண்ணு அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல எம்.எஸ். படிக்கறா. ஊர் பேரு ஆன் ஆர்பர். 2027 ஏப்ரல் கடைசியோட படிப்பு முடியுது.

போன வருசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வீடியோ கால்ல கூப்பிட்டு, "அப்பா, இதைப் பாருங்க"ன்னு போனைத் திருப்பிக் காட்டினா. சுத்தியும் மஞ்சளும் நீலமுமா ஜனம். அந்தச் சத்தத்துல அவ பேசறது ஒண்ணும் கேக்கல. அதுக்கப்பறம் அந்த அமெரிக்க ஃபுட்பாலோட விதி எல்லாத்தையும் உக்காந்து படிச்சேனுங்க. பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கெஜ மைதானம், நாலு தடவைக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும், இல்லைன்னா பந்து எதிராளிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு போனா ஆறு பாயிண்டு, கம்பத்துக்கு நடுவுல உதைச்சா மூணு. எல்லையைப் பிடிக்கற ஆட்டம்ங்கறதால கபடி சொல்லிக் குடுத்தவனுக்குச் சட்டுனு புடிபட்டுப் போச்சு.

அவங்க காலேஜோட மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம். 1927ல கட்டினது. 1975 நவம்பர்ல இருந்து, கொரோனா வந்த 2020ஐ மட்டும் விட்டுட்டா, அங்க நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க. காலேஜ் பசங்க ஆடற ஆட்டத்துக்கு! நம்ம பசங்க மாவட்டப் போட்டி ஆடறப்ப வேடிக்கை பார்க்க பத்துப் பேர் நின்னா நாங்க சந்தோசப்படுவோம். ஒரு காலேஜைச் சுத்தி அத்தனை ஜனம் எப்படிச் சேருதுன்னு நேர்ல பார்த்தே ஆகணும். பொண்ணு அங்க இருக்கறப்பவே போகணும்னு ஊட்டுக்காரியும் நானும் முடிவு பண்ணிட்டோம்.

இப்பச் சந்தேகங்கள். ஓஹியோ ஸ்டேட் காலேஜோட நடக்கற ஆட்டம்தான் பெருசுன்னு சொல்றாங்க, அதுக்கே போயிரலாமா? எந்த மாசம் நல்லது? அமெரிக்க காலேஜ் டீமுக அயர்லாந்துல வந்து ஆடறாங்களாமா, அது சுலபமா? ஊட்டுக்காரிக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்கறது சிரமம், சுத்த சைவம் வேற. இங்க ஒரு டிராவல்ஸ்ல பேக்கேஜ் போட்டுத் தர்றோம், இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, விசாவைப் பின்னால பார்த்துக்கலாம்ங்கறாங்க. கட்டலாமுங்களா? போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்.


திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

வணக்கங்க சார். முதல்ல கடைசிக் கேள்விக்கு வர்றேன். அந்த அட்வான்சைக் கட்டாதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் இப்படித்தான் விசாவுக்கு முன்னாடியே பேக்கேஜ் போட்டாரு. இன்டர்வியூ தேதி தள்ளிப் போயிருச்சு, கட்டின காசுல பாதி கூடத் திரும்பி வரல. திரும்பி வராத காசு எதா இருந்தாலும் விசா ஒட்டின பாஸ்போர்ட் கைக்கு வந்த பொறகுதான் வெளிய எடுக்கணும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். கப்பல் ஏத்தற தேதியைக் கையில வச்சுக்கிட்டு, பேக்கிங் என்னைக்கு முடியணும், தையல் என்னைக்கு, சாயம் என்னைக்கு, நூல் என்னைக்கு வரணும்னு பின்னாலிருந்தே எண்ணிட்டு வர்றதுதான் எங்க பொழப்பு. என்ற தம்பி ஆன் ஆர்பர்ல படிச்சப்ப அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனது நான்தான். அந்தப் பயணத்தையும் அப்படியேதான் போட்டேன். ஒரு சனிக்கிழமையைக் குறிச்சு வச்சுட்டு அங்கிருந்து பின்னால எண்ணுங்க.

எந்தச் சனிக்கிழமை? அக்டோபர் நடுவாப்பில ஒண்ணு. ஓஹியோ ஸ்டேட் ஆட்டம் எப்பவுமே அவங்க தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமைதான், நவம்பர் கடைசி. ஒத்தைப்படை வருசத்துல ஆன் ஆர்பர்ல, ரெட்டைப்படை வருசத்துல ஓஹியோவுல கொலம்பஸ்ல. அப்படிப் பார்த்தா 2026 ஆட்டம் உங்க பொண்ணு ஊர்லயே நடக்காது. நடந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். தண்ணி உறையற குளிர், டிக்கெட் ஒண்ணு பல நூறு டாலர், ரூம் கிடைக்காது. 2026 செப்டம்பர்ல ஓக்லஹோமா டீம் ஆன் ஆர்பருக்கு வருது, 2025ல அவங்க ஊர் நார்மன்ல நடந்ததோட மறு ஆட்டம். அதுக்கும் விலை ஏறித்தான் இருக்கும். அக்டோபர்ல பகல்ல 15 டிகிரி பக்கம் இருக்கும், ஒரு ஸ்வெட்டரும் மேல ஒரு கோட்டும் போதும். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்கற மாசம் அது. பெரிய பேர் இல்லாத டீம் வர்ற வாரமாப் பார்த்தா டிக்கெட் விலை நெம்பக் குறையும். ஜனம் எப்படியும் லட்சம் பேர் வருவாங்க, அதை நீங்களே எழுதியிருக்கீங்க. நீங்க பார்க்கப் போறது அந்த ஜனத்தைத்தானுங்க. தீபாவளி நவம்பர் 8, அதுக்குள்ள ஊருக்கும் வந்துரலாம்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து பின்னால வந்தா முதல்ல நிக்கறது விசா. சுற்றுலா விசா பி1/பி2ன்னு வரும். ஆன்லைன்ல டிஎஸ்-160 ஃபாரம் ஆளுக்கு ஒண்ணு நிரப்பணும், கட்டணம் ஆளுக்கு 185 டாலர், விசா கிடைக்காட்டியும் அது திரும்பி வராது. கடந்த அஞ்சு வருசத்துல வச்சிருந்த சமூக ஊடகக் கணக்கெல்லாம் அதுல கேப்பாங்க, ஃபேஸ்புக் இருந்தா மறைக்காம எழுதுங்க. சென்னையில ரெண்டு இடத்துக்குப் போகணும். ஒரு நாள் விசா சென்டர்ல கைரேகையும் போட்டோவும், இன்னொரு நாள் ஜெமினி பாலத்துக்கிட்ட கான்சலேட்ல இன்டர்வியூ. ஸ்லாட் பல மாசம் தள்ளித்தான் காட்டும், அதனால இந்த வாரமே ஃபாரத்துல உக்காருங்க. தமிழ்லயே பேசலாம். எங்க அப்பா தமிழ்லதான் பேசினாரு. எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க, பையனைப் பார்க்க, அவன் காலேஜ் ஆட்டத்தைப் பார்க்கன்னாரு. யார் செலவு, இங்க என்ன வருமானம்னு ரெண்டு கேள்வி, அவ்வளவுதான். நீங்க பென்சன் ஆர்டர், பட்டா சிட்டா, வீட்டு வரி ரசீது, பொண்ணோட ஐ-20 (காலேஜ் குடுக்கற சேர்க்கைச் சான்று) நகல் எல்லாம் ஒரு ஃபைல்ல வச்சுக்கங்க. கேட்டா மட்டும் எடுத்துக் குடுங்க. ரெண்டு பேரும் ஒரே அப்பாயின்ட்மென்ட்லயே போங்க.

அடுத்தது விமானம். கோயமுத்தூர்ல இருந்து வெளிநாட்டுக்கு நேராப் போறது அபுதாபி, சார்ஜா, சிங்கப்பூர் மட்டும்தான். அமெரிக்கா போக உங்களுக்கு நெடும்பாசேரி (கொச்சி ஏர்போர்ட்) இல்லைன்னா பெங்களூரு. பாலக்காடு வழியா குதிரான் சுரங்கம் வந்த பொறகு நெடும்பாசேரி போறது நெம்பச் சுலபம். பெங்களூருன்னா கோபியிலிருந்து சத்தி, திம்பம் வழி கிட்டன்னு டிரைவர் சொல்லுவாரு. ராத்திரியில திம்பம் மலைப்பாதையை மூடிருவாங்க, சார். விடியக்காலை பிளைட்டுக்கு அந்த வழியை நம்பவே கூடாது, சேலம் கிருஷ்ணகிரி வழியாவே போங்க. டிக்கெட்டை ஊர்ல இருந்து டெட்ராய்ட் வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடுக்கணும். தனித்தனியா எடுத்தா ஒரு பிளைட் லேட்டானாலும் அடுத்ததுக்கு யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. அபுதாபி வழியா எத்திஹாட்ல போனா அமெரிக்க இமிகிரேசன் அபுதாபியிலயே முடிஞ்சுரும். அப்பறம் அமெரிக்காவுல இறங்கறப்ப பெரிய க்யூவுல கால் கடுக்க நிக்க வேண்டியதில்ல, அம்மா காலுக்கு அது பெரிய உபகாரம். வீல்சேர் வேணும்னு டிக்கெட் போடறப்பவே எழுதிருங்க, அதுக்குக் காசு கிடையாது.

டெட்ராய்ட் ஏர்போர்ட்ல இருந்து ஆன் ஆர்பர் நாப்பது கிலோமீட்டர்தான். மிச்சிகன் ஃப்ளையர்னு பஸ் இருக்குது. ஆட்டத்துக்கு முந்தின செவ்வாயோ புதனோ போய்ச் சேர்ந்துருங்க. நமக்கும் அங்கத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், உடம்பு பழகாம மூணரை மணி நேர ஆட்டத்துல உக்கார முடியாது. திரும்பி வர்றதுக்கு சனி ராத்திரியும் போடாதீங்க, ஞாயிறு காலையும் போடாதீங்க. ஆட்டம் மத்தியானம் 12 மணிக்கா, 3.30க்கா, ராத்திரி 7.30க்கான்னு டிவிக்காரங்கதான் முடிவு பண்ணுவாங்க. பல ஆட்டத்துக்கு 12 நாளைக்கு முன்னாடிதான் நேரம் வரும், சிலதுக்கு 6 நாளைக்கு முன்னாடி.

ரூம் விசயத்துல ஒண்ணு. ஆட்டம் இருக்கற வாரக் கடைசியில ஆன் ஆர்பர் ஹோட்டல் வாடகை பல மடங்கு ஏறும், ரெண்டு ராத்திரிக்குக் குறைஞ்சு தரவும் மாட்டாங்க. பொண்ணு ரூம்ல இடம் இருந்தா பாயைப் போட்டுப் படுங்க. இல்லைன்னா இப்சிலாண்டி, கேன்டன் பக்கம் பாருங்க. கேன்டன்ல நம்ம ஜனம் நிறைய, கோயிலும் இருக்குது. கேன்சல் பண்ணினா காசு திரும்பற ரூமா இன்னைக்கே ஒண்ணு பிடிச்சு வைக்கலாம், அதுக்கு விசா வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

ஆட்ட டிக்கெட்டைக் கடைசியில எடுங்க. காகித டிக்கெட்டே கிடையாது, எல்லாம் போன்லதான். உங்க பொண்ணு மாணவர் பகுதியில சீசன் டிக்கெட் வச்சிருப்பா. அன்னைக்கு அவளும் உங்களோட உக்காரணும்னா மூணு பேருக்கும் பொதுப் பகுதியில சேர்த்து எடுங்க. இப்ப முழங்கால் சமாச்சாரம், இதைக் கவனமாப் படிங்க. அந்த ஸ்டேடியம் வெளியிலிருந்து பார்த்தா அவ்வளவு உயரமாத் தெரியாது. முக்கால்வாசி பூமிக்குள்ள இருக்குது. நீங்க உள்ள நுழையறது மேல் மட்டத்துல, அங்கிருந்து படி கீழதான் இறங்குது. ஒண்ணாம் வரிசைன்னா மைதானத்துக்குக் கிட்ட, ஆனா அத்தனை படியும் இறங்கி, முடிஞ்சதும் அத்தனையும் ஏறணும். அதனால வரிசை எண் பெருசா இருக்கற சீட்டா எடுங்க. வாசலுக்குக் கிட்ட, படி கொஞ்சம், மேல இருந்து பார்த்தா ஆட்டத்தோட வியூகமும் நல்லாத் தெரியும். உங்களுக்கு அதுதானுங்களே வேணும். சீட்டு பெரும்பாலும் நீட்டு பெஞ்சு, சாய முடியாது, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. கைப்பை எதுவும் கொண்டு போகாதீங்க. போன், மாத்திரை, சாவி, கார்டு எல்லாம் கோட்டுப் பையிலயே இருக்கட்டும். மழைக்குக் குடை உதவாது, மேல போட்டுக்கற ரெயின்கோட்டுதான்.

ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே அந்தப் பக்கம் போயிருங்க. எதிர்த்தாப்புல இருக்கற கோல்ஃப் மைதானம் பூராக் காரா நிக்கும். டிக்கியைத் திறந்து வச்சு, அடுப்பு மூட்டி, மூணு தலைமுறையா ஒரே இடத்துல வண்டி நிறுத்தறவங்க எல்லாம் இருக்காங்க. தெரியாதவங்களையும் வாங்க உக்காருங்கன்னு கூப்பிடுவாங்க. எங்க அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் குடுத்தாங்க. ரெவெல்லி ஹால்ல இருந்து பேண்டு வாத்தியத்தோட நடந்தே ஸ்டேடியத்துக்கு வரும், அந்த வழியில நின்னு பாருங்க. உள்ள போனதும் ஒரே ஒரு சுரங்க வாசல் தெரியும், ரெண்டு டீமும் அது வழியாத்தான் வரணும். மிச்சிகன் பசங்க ஓடி வந்து நடு மைதானத்துல பிடிச்சிருக்கற நீலப் பதாகையை எம்பித் தொட்டுட்டுப் போவாங்க.

ஒண்ணு கவனிங்க, சார். நம்ம டீம் கையில பந்து இருக்கறப்ப அந்த லட்சம் பேரும் அடங்கிருவாங்க. ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் சொல்ற சொல்லு அவன் ஆளுகளுக்குக் கேக்கணும்ல. பந்து எதிராளி கைக்குப் போனதும்தான் சத்தம். மூணாவது தடவை, இதை நிறுத்திட்டா பந்து நமக்குங்கற நிலைமையில எல்லாரும் எந்திரிச்சு நின்னு சாவிக்கொத்தை எடுத்து ஆட்டுவாங்க. எங்க அப்பா கோட்டுப் பையில கையை விட்டு, ஊர்ல இருந்து மறதியா எடுத்துட்டு வந்த மோட்டார் ரூம் சாவியையும் வீட்டுச் சாவியையும் சேர்த்து எடுத்து ஆட்டினாரு. பெரிய பித்தளைச் சாவி அது. முன் வரிசையில இருந்த ஒரு வயசானவர் திரும்பிப் பார்த்து, அதை வாங்கித் தானும் ஒருக்கா ஆட்டிட்டுக் குடுத்தாரு. அடுத்த மூணாவது தடவை வந்தப்ப அப்பா யாரும் சொல்லாமயே எந்திரிச்சுட்டாரு.

நடுநடுவுல ஆட்டம் நின்னு நின்னு போகும். சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தர் மைதானத்துக்குள்ள வந்து நின்னா டிவியில விளம்பரம் ஓடுதுன்னு அர்த்தம். அவர் வெளிய போனாத்தான் ஆட்டம். டிவியில பார்க்கறப்ப இந்த நேரம் தெரியாது, நேர்ல தெரியும். அம்மாவுக்கு ஒரு கம்பளி கையில வச்சுக்கங்க.

சாப்பாடு, காலையிலயே தயிர்சாதம் சாப்பிட்டுப் போயிருங்க. உள்ள பாப்கார்ன், ப்ரெட்செல், சீஸ் பீட்சா கிடைக்கும், வேற சைவம் பெருசா எதிர்பார்க்க முடியாது. சனிக்கிழமை காலையில கெர்ரிடவுன்ல விவசாயிகள் சந்தை நடக்கும், ராத்திரி ஆட்டமா இருந்தா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போங்க. பூசணியும் ஆப்பிளும் குவிச்சு வச்சிருப்பாங்க. மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாம விமானம் ஏறாதீங்க. முழங்கால், பிரஷர், சர்க்கரை எது இருந்தாலும் ஃபாரத்துல எழுதியே எடுங்க.


பீளமேடு டு டப்ளின்:

சார், அயர்லாந்து பத்தி நான் சொல்றேன், இங்கதான் வேலை பார்க்கறேன். ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும், ஆகஸ்ட் கடைசி வாக்குல, டப்ளின் அவிவா ஸ்டேடியத்துல ஒரு ஆட்டம் நடத்தறாங்க. 2024ல ஜார்ஜியா டெக் ஃபுளோரிடா ஸ்டேட்டை 24-21னு ஜெயிச்சது, 2025ல அயோவா ஸ்டேட் கான்சஸ் ஸ்டேட்டை அதே 24-21. 2026க்கு ஆகஸ்ட் 29 அன்னைக்கு நார்த் கரோலினாவும் டிசியுவும் (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்)னு அறிவிச்சிருக்காங்க. ஸ்டேடியம் அம்பதாயிரம் பேர் சொச்சம் பிடிக்கும், டார்ட் ரயில்ல லான்ஸ்டவுன் ரோட்ல இறங்கினா வாசல்லயே விடும். குளிரும் இல்ல.

அயர்லாந்து ஐரோப்பாவோட பொது விசாவான ஷெங்கன்ல சேராது, அதுக்குன்னு தனியா விசா எடுக்கணும். ஒரு தடவைக்கான விசா 60 யூரோ. அமெரிக்க விசாவை விட வேலை குறைச்சல்தான். ஆனா உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். இங்க வர்ற ரெண்டு டீமுக்கும் இது சொந்த ஊரில்ல. ரசிகர்கள் அமெரிக்காவுல இருந்து விமானம் ஏறி வர்றாங்க, மத்தவங்க எங்களைப்போல வேடிக்கை பார்க்கறவங்க. ஒரு காலேஜைச் சுத்தி ஜனம் எப்படிச் சேருதுன்னு பார்க்கணும்னீங்களே, அது இங்க கிடைக்காது. பொண்ணு படிக்கற ஊருக்கே போங்க. அமெரிக்க விசா அக்டோபருக்குள்ள வராமப் போனாத்தான் அடுத்த வருச டப்ளினை யோசிக்கலாம்.


பொள்ளாச்சி டு கொலம்பஸ்:

ஏனுங்க வாத்தியாரே, நான் ஓஹியோ ஸ்டேட்ல படிச்சவன், மிச்சிகனுக்குப் போங்கன்னு சொல்ல மனசு வரலை. ஆனாலும் திருப்பூர் அக்கா சொன்னது சரி. 2026 நவம்பர் 28 எங்க ஊர்ல ஆட்டம். ரெண்டு காலேஜும் முதல் முதலா மோதினது 1897ல. அந்த ஒரு நாளைக்கு டிக்கெட் விலை எங்க ஆளுகளுக்கே எட்டாது.

ஆனா வந்தவங்க வேற ஏதாவது ஒரு சனிக்கிழமை கொலம்பஸ் வந்தாலும் வீண் போகாது. குதிரை லாட வடிவத்துல 1922ல கட்டின ஸ்டேடியம், லட்சத்து ரெண்டாயிரம் பேருக்கு மேல உக்காரலாம். எங்க பேண்டுல புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது, பித்தளை வாத்தியமும் மேளமும் மட்டும்தான். 1936ல இருந்து அவங்க நடந்துக்கிட்டே மைதானத்துல ஓஹியோங்கற பேரை எழுதறாங்க. கடைசியில சூசாபோன்ங்கற பெரிய பித்தளை வாத்தியம் வாசிக்கறவர் ஒருத்தர் நடந்து போய் ஆங்கில ஐ எழுத்துக்கு மேல புள்ளியா நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்லுவாரு. அந்த ஒரு புள்ளிக்கு ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்கும். ஆன் ஆர்பர்ல இருந்து கார்ல மூணு மணி நேரம் சொச்சம். ரயில் கிடையாதுங்க, இவ்வளவு பெரிய ஊருக்குப் பயணிகள் ரயிலே வர்றதில்ல. பை கொண்டு வந்தா உள்ள இருக்கறது தெரியற கண்ணாடிப் பையாத்தான் இருக்கணும், 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது.

முக்கியமா ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். நீங்க பள்ளிக்கூட வாத்தியாரு. காலேஜ் ஆட்டம் சனிக்கிழமைன்னா ஹைஸ்கூல் ஆட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் வாராவாரம் நடக்கும். டிக்கெட் சில டாலர்தான். மிச்சிகன் ஸ்டேடியத்துக்கு எதிர்லயே பயனியர்னு ஒரு ஹைஸ்கூல் இருக்குது. உள்ளூர்ல ஆட்டம் இருக்கற வெள்ளிக்கிழமையாப் பார்த்து முந்தின நாளே போய் உக்காருங்க. பத்தாவது படிக்கற வயசுப் பசங்க, அவங்க அப்பா அம்மா, பள்ளிக்கூட பேண்டு, பஜ்ஜிக்கடை கணக்கா பெற்றோர் சங்கமே நடத்தற தின்பண்டக் கடை. ஆட்டம் முடிஞ்சா கோச்சுகிட்டப் போய்ப் பேசலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. எப்படிப் பயிற்சி குடுக்கறாங்க, வாரத்துல எத்தனை நாள், அடிபட்டா என்ன பண்றாங்கன்னு உங்களுக்குக் கேக்கறதுக்கு நிறைய இருக்கும். லட்சம் பேர் கூட்டம் எங்கிருந்து கிளம்புதுன்னு அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியிலதான் தெரியும்.


கோபி பி.டி. வாத்தியார்:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. அட்வான்ஸ் கட்டறதில்லைன்னு டிராவல்ஸ்ல சொல்லிட்டேன். பொண்ணுகிட்டப் பேசினேன், அக்டோபர் நடுவுல சொந்த ஊர் ஆட்டம் எதுன்னு பார்த்துச் சொல்றேன்னா. மேல் வரிசைன்னதும் ஊட்டுக்காரி சரின்னுட்டா. நெடும்பாசேரி வழியே போயிக்கறோம், திம்பம் விசயம் எனக்கும் தெரியுமுங்க, ராத்திரி பண்ணாரியில வண்டியெல்லாம் வரிசையா நிக்கறதைப் பார்த்திருக்கேன்.

பொள்ளாச்சித் தம்பி, அந்த வெள்ளிக்கிழமை யோசனை எனக்குத் தோணவே இல்ல. பயனியர் பள்ளி ஆட்டத்தைத்தான் இப்ப முதல்ல பார்க்கணும்னு இருக்குது. கோச்சைப் பார்த்தா கேக்கறதுக்கு இப்பவே ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு இருக்கேன். பொண்ணு மொழிபெயர்த்துச் சொல்லுவா, எனக்கும் ஓரளவு வரும்.

மெர்ச்சண்டைசர் அம்மிணி, ஒரே ஒரு சந்தேகம். டிஎஸ்-160ல உக்காந்தோம், முதல் பக்கத்துலயே நின்னு போச்சு. எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்லயும் குடும்பப் பேர் இடத்துல ஒண்ணுமே இல்ல. கீழ பேர் மட்டும்தான் இருக்குது. ஃபாரம் குடும்பப் பேர் இல்லாம நகர மாட்டேங்குது. அப்பா பேரைப் போட்டுரலாமுங்களா?


திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

போடாதீங்க சார், பாஸ்போர்ட்ல இல்லாத எதையும் அந்த இடத்துல எழுதக் கூடாது. எங்க அப்பாவுக்கும் இதேதான். பாஸ்போர்ட்ல இருக்கற முழுப் பேரையும் குடும்பப் பேர்ங்கற கட்டத்துல எழுதுங்க. கீழ, பேர்ங்கற கட்டத்துல எஃப்-என்-யூ மூணு எழுத்து மட்டும் ஆங்கிலத்துல போடுங்க. பேர் இல்லைன்னு சொல்றதுக்கு அவங்க வச்சிருக்கற குறி அது. விசாவுலயும் அப்படியேதான் அடிச்சு வரும், பயப்படாதீங்க.

விமான டிக்கெட்டுக்கு இந்த முறை செல்லாது. ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு மாதிரி கேக்கும், சிலது ஒரே பேரையே ரெண்டு கட்டத்துலயும் எழுதச் சொல்லும். விசா வந்ததும், காசு கட்டறதுக்கு முன்னாடி, அந்த ஏர்லைனுக்கே போன் பண்ணி பாஸ்போர்ட்ல இருக்கறதைப் படிச்சுக் காட்டிக் கேளுங்க. சொன்னதை மெயில்ல எழுதியும் வாங்கிக்கங்க. ஃபாரத்துல ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் சேவ் குடுக்க மறக்காதீங்க, கொஞ்ச நேரம் சும்மா விட்டா வெளிய தள்ளிரும். மேல வர்ற அப்ளிகேசன் ஐடியை இன்னைக்கே அந்த நோட்டுல குறிச்சு வச்சுக்கங்க.